மணற்பலகையும் சுரப்பலகையும்

ஊரின் பெயரிலேயே வரலாறு உறைந்து கிடப்பதுண்டு. புதுவை நகரின் வடமேற்கே அமைந்த லாஸ்பேட்டைக்கு வாய்த்த பெயரும் அத்தகையதே. 1761 இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தரைமட்டமாக்கிய புதுவையை, 1765 இல் திரும்பப் பெற்று மீளக் கட்டியெழுப்பிய பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் என்பவர். அவருடைய ‘லா’ என்னும் குடும்பப் பெயரே பேட்டையோடு சேர்ந்து ‘லாஸ்பேட்டை’ ஆயிற்று என்பர். இன்று அவ்வூர் பள்ளிகளும் கல்லூரிகளும் மிகுந்த கல்விப் பேட்டையாக விளங்குகிறது. காலையில் அங்கே பைகளைச் சுமந்து செல்லும் சிறுவர் சிறுமியர் எழுத்தும் எண்ணும் கற்கச் செல்கின்றனர். அவற்றோடு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காதால் அறிந்து, அதனை எழுதவும், எழுதியதைப் பாடவும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும் கற்பித்தல் ஆகுமா? ஆகுமெனில் எவ்வாறு? இதுவே நாம் இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா புதியதன்று. லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்த பிரெஞ்சு நாடு இதற்கு விடை தேடி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முயன்றிருக்கிறது. அம்முயற்சியின் வேர்களுள் ஒன்று நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் இருக்கிறது என்பதே வியப்புக்குரிய செய்தி.

பாரிசு நகரில் ஓர் இளைஞர்

1742 ஆம் ஆண்டு. புதுவையில் துய்ப்ளே ஆளுநராகப் பொறுப்பேற்ற ஆண்டு அது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதி வந்த காலம். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தின் முன் முப்பது வயது இளைஞர் ஒருவர் தாம் கண்ட புதிய இசைக்குறிப்பு முறையை வாசித்தளித்தார். அவர்தாம் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ரூசோ.

ஐரோப்பிய இசை ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகளை இட்டு எழுதப்படுவது. பயின்றவர்க்கு அது எளிது. பயிலாத ஏழைச் சிறுவனுக்கோ அது முட்காடு. ரூசோ அக்கோடுகளை நீக்கிவிட்டு, ஏழு சுரங்களுக்கும் 1 முதல் 7 வரையுள்ள எண்களை வைத்தார். பாடுவோன் எந்த உயரத்திலும் தொடங்கலாம். அத்தொடக்கமே ‘1’ ஆகும். நம் முறையில் எந்தக் கட்டையில் சுருதி சேர்த்தாலும் அதுவே ‘ச’ ஆவதைப் போன்றது இது.

கழகத்தார் இம்முறை முற்றிலும் புதியதன்று எனவும், கருவி இசைக்குப் போதாது எனவும் கூறி ஒதுக்கினர். இசை மேதை ராமோ வேறொரு குறையையும் சுட்டினார். கோட்டிலுள்ள புள்ளிகளைக் கண்டவுடன் இசை ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குப் புலனாகிவிடும். எண்களையோ ஒவ்வொன்றாகப் படித்தே அறிய வேண்டும் என்றார் அவர். இக்குறை உண்மையானதே என்று ரூசோவும் ஒப்புக்கொண்டார். எனினும் அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. 1818 இல் காலேன் என்னும் கணித ஆசிரியர் அம்முறையைத் திருத்தி நூலாக வெளியிட்டார். அவர்க்குப்பின் ஏமே பாரி, எமில் செவே ஆகியோர் அதனை எளிய மக்களிடையே பரப்பினர்.

திண்ணையிலிருந்து புறப்பட்ட முறை

எழுதும் முறை ஒன்று கிடைத்தால் மட்டும் போதுமா? நூற்றுக்கணக்கான குழந்தைகள் நிறைந்த ஏழைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் எப்படி இசை கற்பிப்பார்? இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழி தமிழகத்திலிருந்து சென்றது.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்துப் பள்ளியை மேற்பார்த்து வந்தார். ஒருநாள் அவர் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை ‘மலபாரிகள்’ என்றே வழங்கினர். பெல்லும் அதனை மலபார்ப் பள்ளி என்றே குறித்தார். தாளும் மையும் இன்றி நடந்த அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த அவர் விரும்பினார். துணை ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியோர்க்கு ஆசானாக அமர்த்தினார். முயற்சி வெற்றி கண்டது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிவைப்பது நம்மவர் நன்கறிந்த வழக்கமன்றோ?

பெல் 1797 இல் இலண்டனில் இம்முறையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்றே அது பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறத்தாழ இதே முறையில் இலண்டனில் பெரும் பள்ளி நடத்தினார். 1815 க்குப்பின் இது பிரான்சிலும் பரவியது. 1819 இல் வில்ஹெம் என்னும் இசையாசிரியர் பாரிசு நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் இம்முறையைக் கொண்டு இசை கற்பிக்கத் தொடங்கினார். சுரங்கள் எழுதிய பெரிய பலகைகளைச் சுவரில் தொங்கவிட்டு, அவற்றின் முன் குழந்தைகளை அரைவட்டமாக நிறுத்தி, சற்று மூத்த மாணவர் கோலால் சுட்டிக்காட்ட ஏனையோர் பாடினர். 1833 இல் அக்குழந்தைகளையும் தொழிலாளரையும் ஒன்று கூட்டி ‘ஓர்ஃபேயோன்’ என்னும் பாடற் குழுவை அவர் நிறுவினார். அதனைப் பின்பற்றி நாடெங்கும் குழுக்கள் எழுந்தன. ஜான் ஹல்லா என்பவர் இதனை 1841 இல் இலண்டனுக்குக் கொண்டு சென்றார். இறுதியில் 1882 மார்ச் 28 ஆம் நாள் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் கல்விச் சட்டம், தொடக்கப் பள்ளிப் பாடங்களுள் இசையின் அடிப்படைகளையும் சேர்த்தது.

தமிழ்ச் சிறுவன் மணலில் விரலால் எழுதிய முறை, கடல் கடந்து பாரிசு நகரத்துச் சிறுவனின் சுரப்பலகை ஆயிற்று. ஆனால் மணலைத் தந்த மண்ணில் சுரப்பலகை எல்லாப் பள்ளிகளையும் எட்டவில்லை.

கீழ்த்திசை சென்ற எண்கள்

பிரான்சில் எண்முறை கோட்டுமுறையை வெல்லவில்லை. ஆனால் கீழ்த்திசை அதனைக் கைநீட்டி வரவேற்றது. 1880 இல் அமெரிக்க இசையாசிரியர் லூதர் மேசன் ஜப்பானிய அரசின் அழைப்பில் அந்நாடு சென்று, இசாவா சூஜி என்பவரோடு சேர்ந்து பள்ளிப் பாடல் நூல்களை உருவாக்கினார். ஜப்பானில் பழக்கத்துக்கு வந்த எண்குறிப்பு, அங்குப் பயின்ற சீன மாணவர் வாயிலாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தை அடைந்தது. இன்றும் கோடானுகோடிச் சீன மக்கள் பாடல்களை எண்களிலேயே படிக்கின்றனர். நம்மவர் வணிகத் தொடர்பு கொண்ட இந்தோனேசியத் தீவுகளின் பள்ளிகளிலும் எண்குறிப்பே வழக்கில் உள்ளது.

இங்கிலாந்தில் வேறொரு வழி தோன்றியது. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் எழுத்துகளைக் கொண்டு சுரங்களை எழுதிக் கற்பித்தார். ஜான் கர்வென் அதனை வளர்த்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையையும் 1870 அளவில் சேர்த்தார். பின்னாளில் அங்கேரி நாட்டு இசைப் பேரறிஞர் கோதாய் இம்முறையை ஏற்று, தாய்மொழி நாட்டுப்பாடல்களோடு இணைத்தார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950 இல் தொடங்கிய இசைத் தொடக்கப் பள்ளி உலகுக்கே எடுத்துக்காட்டாயிற்று. ‘முதலில் காது, பிறகு கை, அதன்பிறகே எழுத்து’ என்பது இம்முறைகள் அனைத்தும் காட்டும் வரிசை.

பகுதாதும் குடுமியான்மலையும்

ஒலியை எழுதும் கலை ஐரோப்பியர் தந்த கொடை என்று எண்ணிவிடலாகாது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, அரபு எழுத்துகளைக் கொண்டு ‘ஊது’ என்னும் யாழின் ஒலிகளைக் குறித்தார். ஹிஜ்ரி 693 இல், அதாவது கி.பி. 1294 இல், மறைந்த சஃபியுத்தீன் அல் உர்மவி, ஒலியின் உயரத்தை எழுத்தாலும் அது நிற்கும் கால அளவை அதன்கீழ் எண்ணாலும் காட்டி மெட்டுகள் சிலவற்றை எழுதிவைத்தார். ‘தோ, ரே, மீ’ என்னும் ஐரோப்பியச் சுரப்பெயர்களே அரபு எழுத்துகளிலிருந்து பிறந்தவை என்று சொல்வாரும் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குவீதோ இலத்தீன் துதிப்பாடல் ஒன்றின் அடிகளிலிருந்து அவற்றை எடுத்தார் என்பதே ஏற்கத்தக்க வரலாறு. மெய்யான பெருமை நிரம்ப இருக்க, ஐயத்துக்குரியதை நாம் நாடவேண்டுவதில்லை.

இசை பயில்வது பற்றி நம் மார்க்க அறிஞரிடையே பல்வேறு கருத்துகள் உண்டு. அவ்வாராய்ச்சி இங்கு நம் பொருளன்று. ஒலியின் இயல்பை அறிவியலாக ஆய்ந்த முன்னோரின் உழைப்பை மறவாதிருத்தலே ஈண்டு நாம் வேண்டுவது.

தமிழகத்துச் சான்று இன்னும் பழையது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பாறை ஒன்றில் ஏழு பகுதிகளாகச் சுரங்கள் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தமைதி கொண்டு அது ஏழாம் நூற்றாண்டினது என்பர். உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன், மாணவர்களின் நன்மை கருதி அச்சுரங்களை அமைத்ததாக அக்கல்வெட்டே கூறுகிறது. பாறையே சுரப்பலகையாக நின்றிருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் தூய தமிழ்ப் பெயர்கள் இருந்ததை நாம் அறிவோம்.

பரோடாவில் ஒரு பெரியார்

அண்மைக் கால இந்தியாவில் இசையை வீட்டு இரகசியமாக வைத்திராமல் பள்ளிப் பாடமாக்க முனைந்த முன்னோடிகளுள் உஸ்தாத் மௌலா பக்ஷ் ஒருவர். 1833 இல் பிறந்த இவர், வட இந்திய இசையில் தேர்ந்ததோடு மைசூர் சென்று கர்நாடக இசையையும் கற்றார். அக்காலத்தில் தந்தை மகனுக்கும் ஆசான் தமக்கு உகந்த சீடனுக்கும் மட்டுமே இசை நுட்பங்களை வெளியிடுவர். எழுதிவைத்தால் பிறர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுவர். மௌலா பக்ஷ் அந்தச் சுவரை உடைத்தார். தமக்கென ஒரு சுரக்குறிப்பு முறையை வகுத்தார்; அம்முறையில் பாடநூல்களை வெளியிட்டார். மூன்றாம் சாயாஜிராவ் மன்னரின் ஆதரவில் 1886 இல் பரோடாவில் இசைப்பள்ளி நிறுவினார். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் 1901 இல் தம் புகழ்பெற்ற பள்ளியைத் தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. இன்று பரோடாப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் புலம் அப்பள்ளியின் வழிவந்ததே. 1910 இல் மேல்நாடு சென்று புகழ்பெற்ற ஸூஃபி அறிஞர் இனாயத் கான் இவருடைய மகள் வயிற்றுப் பேரர் ஆவார்.

தமிழகத்திலும் இத்தகைய தொண்டர்கள் தோன்றினர். சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுமுறையில் எழுதி 1890 களில் வெளியிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளைச் சுரத்தோடு காத்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை அளித்தார். ஆயினும் இவையெல்லாம் பெரியோர்க்கான நூல்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தையின் கைக்கு அவை எட்டவில்லை.

எழுதியதும் எழுதாததும்

மீண்டும் லாஸ்பேட்டைக்கு வருவோம். கவியரசர் தாகூரின் நூற்றாண்டாகிய 1961 இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி அவ்வூரில்தான் உள்ளது. தாகூர் இயற்றிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவர் மெட்டமைத்துப் பாடுவார். பின்னர் மறந்தும் போவார். அவருடைய தமையனாரின் பேரர் தினேந்திரநாதர் அருகிருந்து கேட்டு, அவற்றுள் மிகப் பலவற்றைச் சுரப்படுத்தி எழுதினார். பிறரும் எழுதினர். அவை ‘ஸ்வரபிதான்’ என்னும் பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வெளிவந்துள்ளன. இன்று ஒரு வங்கச் சிறுமி தாகூரின் பாட்டைத் தாகூர் அமைத்த மெட்டிலேயே பாடுகிறாள்.

அதே புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தவர் பாரதியார். இசையறிவு மிக்கவர், இசையைப் பற்றிக் கட்டுரையும் எழுதியவர். பாடல்கள் பலவற்றின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்தார். சிலவற்றுக்குச் சுரமும் எழுதினார். எஞ்சியவற்றை எழுதுவாரில்லை. ஆகவே இன்று நாம் பாரதியின் பாட்டைப் பெரும்பாலும் பிறர் அமைத்த மெட்டிலேயே கேட்கிறோம். சொல் இருக்கிறது, அவர் குரலில் எழுந்த இசை போய்விட்டது.

இது நம் சமுதாயத்துக்கும் பொருந்தும். தமிழ் முஸ்லிம் புலவர்கள் இயற்றிய கீர்த்தனைகள், சிந்துகள், கும்மிகள், தாலாட்டுகள், முனாஜாத்துகள் எத்தனை எத்தனை! பழைய பதிப்புகளைப் புரட்டினால் பாட்டின் தலைப்பில் இராகப் பெயரும் தாளப் பெயரும் மட்டும் நிற்கும். அல்லது ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்னும் குறிப்பு நிற்கும். அந்த ‘இன்ன பாட்டு’ எதுவென்று அறிந்தவர் மறைந்ததும் குறிப்பும் ஊமையாகிவிடுகிறது. கலியாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடிய பாடல்களும், தொட்டிலருகே பாட்டிமார் பாடிய தாலாட்டுகளும் ஏட்டில்கூட ஏறாதவை. ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொரு கையிலும் இருக்கிறதே என்று சொல்லலாம். பதிவு ஒருவரின் குரலைக் காக்கும். ஆனால் கேட்டதைப் பகுத்தறிந்து, எழுதி, மற்றொருவர்க்குப் பிழையின்றிக் கைமாற்றும் ஆற்றலை அது தராது. அதற்குக் கல்வி வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவது சுருதி. ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு அதிர்வு கூடினால் ஒலி உயரும், குறைந்தால் தாழும். 1859 இல் பிரெஞ்சு அரசு, இசைக்கு அளவுகோலான ஒலி நொடிக்கு 435 அதிர்வுகள் என்று நிலைப்படுத்தியது. 1939 இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனை 440 என்று வரையறுத்தது. குழந்தைக்கு இவ்வெண்கள் வேண்டா. நீர் ஏற ஏறக் குடத்தின் ஒலி உயர்வதைக் கேட்கச் செய்தல் போதும். ஒலி உயரும்போது கையை உயர்த்தவும் தாழும்போது தாழ்த்தவும் பழக்கினால் காது தானே கூர்மையடையும்.

இங்கே ஆசிரியர் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஆடவர் தமக்கு உகந்த ஒரு கட்டைச் சுருதியில் தொடங்கினால் குழந்தையின் மென்குரல் அதில் முனகும். அவ்வளவில் ‘இக்குழந்தைக்குப் பாட வராது’ என்று தீர்ப்பளிக்கப்படுகிறது. ஐந்து கட்டை அளவில் தொடங்கினால் அதே குழந்தை தெளிவாகப் பாடும். பிறவியிலேயே ஒலி வேறுபாட்டை அறிய இயலாதவர் மிகச் சிலரே. இசைத்திறன் ஏறக்குறைய ஒன்பது வயது வரை சூழலால் வளரவோ குன்றவோ கூடும் என்பது அமெரிக்கக் கல்வியறிஞர் எட்வின் கார்டனின் கொள்கை. தொடக்கப் பள்ளி ஆண்டுகளே உரிய பருவம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது சுரம். முதலில் ‘ச’ ஒன்றையே சுருதிப் பெட்டியோடு நின்று இசைக்கச் செய்து, பின்னர் ‘ப’, மேல் ‘ச’ எனச் சேர்க்கலாம். அதன்பின் ஏழு படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, அதில் சரளி வரிசையை ஏறி இறங்கிப் பாடவைக்கலாம். ஏணி கண்ணுக்கு ஏற்ற இறக்கத்தைக் காட்டும்; ராமோ சுட்டிய குறையும் இதனால் நீங்கும்.

மூன்றாவது எழுத்து. நம் சுரக்குறிப்பு மிக எளியது. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழெழுத்தும் குழந்தை முன்னரே அறிந்தவை. மேல் நிலைக்கு எழுத்தின் மேலே ஒரு புள்ளி, கீழ் நிலைக்குக் கீழே ஒரு புள்ளி. குறிலுக்கு ஓர் அளவு, நெடிலுக்கு இரண்டு அளவு, நீட்சிக்குக் காற்புள்ளி, தாளப் பிரிவுக்குச் செங்குத்துக் கோடு. குறில் நெடில் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் பாதி முன்பே தெரியும். நம் மக்தபுகளில் ஓதும் குழந்தைகளும் ‘மத்து’ எத்தனை அளவு நீள வேண்டும் என்பதை விரல் மடக்கி எண்ணப் பழகியவர்களே. திருமறை ஓதுதலை நாம் இசையோடு ஒப்பிடவில்லை. ஒலியின் அளவைக் காதாலும் விரலாலும் காக்கும் பயிற்சி நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று என்பதையே சுட்டுகிறோம்.

நான்காவதாக, சட்டாம்பிள்ளை முறை. இசையாசிரியர் இல்லாத பள்ளிகள் பல. எனினும் ஐந்தாம் வகுப்பில் நன்கு கற்ற இருவர் இரண்டாம் வகுப்பினர்க்குக் கோல் சுட்டிக் கற்பிக்கலாம். பாரிசு நகரத்தில் வில்ஹெம் செய்தது இதுவே. எழும்பூரில் பெல் நம்மிடமிருந்து கற்றதும் இதுவே.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாலை நேரத்தில் கட்டணம் செலுத்தி இசை கற்கிறார்கள். புதுவையை அடுத்த அரியாங்குப்பத்தில் 1987 இல் தோன்றிய பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற கலை நிறுவனங்களும் வளர்ந்தோர்க்கு உள்ளன. அரசுத் தொடக்கப் பள்ளியில் பயிலும் மீனவர் மகளுக்கும் நெசவாளர் மகனுக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் அந்த வாயில் திறக்கவேண்டுமெனில், வாரத்துக்கு இரு பாடவேளைகளும் ஒரு சுருதிப் பெட்டியும் ஒரு கரும்பலகையும் போதும்.

பள்ளி தொடங்கும் வரை காத்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. நம் இல்லங்களில் எழுபது எண்பது வயதைக் கடந்த மூத்த பெண்மணிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்த தாலாட்டை அறிந்தவர் அவர்களுக்குப்பின் எவருமிலர். சுரம் எழுதக் கற்ற பேத்தி ஒருத்தி வீட்டிலிருந்தால், அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாட்டியின் அருகே அமரச் செய்யுங்கள். முதல் நாள் ஓர் அடி எழுதினாலும் போதும்.